கழுவிப் பார்த்த பிறகே எண்: எண்டோஸ்கோப்பி அறை நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

அதிகாலையில் ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். தார் போல மலம், எழுந்து நின்றால் மயக்கம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைப் பல மாதங்களாக விழுங்கிவந்தவர். முன்சிறுகுடலின் பின்சுவரில் புண். அதன்மேல் கருஞ்சிவப்பு ரத்தக்கட்டி. தண்ணீரைப் பீய்ச்சியும் அசையவில்லை. புண் மீண்டும் ரத்தம் கொட்டும் ஆபத்தைக் குறிக்கும் ஃபாரஸ்ட் வகைப்பாட்டில் 2பி (ஒட்டிய கட்டி) என்று உதவியாளர் எழுதத் தொடங்கினார், பொறுக்கச் சொன்னேன். விடாமல் கழுவியதும் கட்டி பெயர்ந்தது. அடியில் புடைத்து நிற்கும் ரத்தக்குழாய். 2ஏ! பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த, ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினைச் சுற்றிலும் செலுத்திவிட்டு, குழாயின்மேல் கிளிப் போட்டோம்.

மார்ச் 5, புதன்

பயிற்சி மருத்துவர்களுக்கு ஃபாரஸ்ட் பாடம். 1974இல் எடின்பரோவிலிருந்து வந்த வகைப்பாடு. பீய்ச்சி அடித்தால் 1ஏ, கசிந்தால் 1பி, ரத்தக்குழாய் தெரிந்தால் 2ஏ, ஒட்டிய கட்டி 2பி, தட்டையான கறை 2சி, அடித்தளம் சுத்தமாக இருந்தால் 3. 2ஏ புண்ணை அப்படியே விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மீண்டும் ரத்தம் கொட்டும். 3 என்றால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அறிக்கையில் ‘பெரிய புண்’ என்று மட்டும் எழுதினால், இரவுப் பணி மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்? இந்த எண்தான் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா, 72 மணி நேரம் அமிலத் தடுப்பு மருந்தேற்றிக் காக்க வேண்டுமா என்று சொல்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வேறொருவருக்கு இரைப்பையின் சிறுவளைவில் புண். இரைப்பைப் புண்களை இடத்தை வைத்துப் பிரிக்கும் ஜான்சன் வகைப்பாட்டில் முதல் வகை: அமிலம் மிகுந்திராது. முன்பு எந்த அறுவை சிகிச்சை என்று தீர்மானிக்க அந்த வகைப்பாடு உதவியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல், வாரன் என்ற மருத்துவர்கள் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை அடையாளம் காட்டிய பிறகு, கிருமியா, வலி மாத்திரையா என்பதையே முதலில் கேட்கிறோம். ஆனால் இரைப்பைப் புண்ணுக்கு எந்த எண் கொடுத்தாலும் விளிம்பில் பயாப்சி (சோதனைக்கான திசுத் துணுக்கு) எடுத்தே ஆக வேண்டும். புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரும்.

மார்ச் 8, சனி

தொழிலாளி வீடு திரும்புகிறார். “மிளகாயை நிறுத்தினால் ஆறிவிடுமா, டாக்டர்?” என்று அவர் மனைவி கேட்டார். “காரம் இந்தப் புண்ணை உண்டாக்கவில்லை அம்மா, அந்த மாத்திரைதான்” என்றேன். கிருமிச் சோதனை ‘இல்லை’ என்கிறது. ரத்தப்போக்கின்போது எடுத்த சோதனை பொய்க்கக்கூடும். அமிலத் தடுப்பு மாத்திரையை முடித்து இரண்டு வாரம் கழித்து மறுசோதனைக்கு வரும்படி சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.