தம்பி வீட்டுத் தரை ஏன் கொதிச்சுச்சு
போன வாரம் ராத்திரி ஜெர்மனில இருந்து தம்பி வீடியோ கால் போட்டான், வெளில பனி கொட்டுது, இவன் பனியனோட வேர்த்துப்போய் உக்காந்திருக்கான். தரைக்கடியில சுடுதண்ணி பைப் ஓடுற ஹீட்டிங், தெர்மோஸ்டாட்ட 20ல வச்சாலும் ஹால்ல 26 டிகிரி. காரைக்குடில ஆத்தங்குடி கல்லுல வெறுங்காலோட ஜில்லுன்னு நடந்து வளந்த புள்ள, பாக்கவே பாவமா இருந்துச்சு.

சும்மா சும்மா திருகாதடான்னு முதல்ல சொன்னேன். பைப்புக்கு மேல கனமான சிமெண்ட் பூச்சு, சூடு ஏறவும் இறங்கவும் மணிக்கணக்காகும்.

அப்புறம் சுடுதண்ணிய ரூம் ரூமா பிரிச்சு விடுற மேனிஃபோல்டு பெட்டிய திறக்க வச்சேன். ஒவ்வொரு ரூம் பைப்புக்கும் ஒரு வால்வு, அதுக்கு மேல அத மூடித் திறக்க ஒரு சின்ன ஆக்சுவேட்டர். அது மெதுவாத்தான் அசையும், அஞ்சு நிமிஷமாவது பொறுக்கணும். ஹால் தெர்மோஸ்டாட்ட முழுசா ஏத்திட்டு பாத்துக்கிட்டே இருந்தோம், ஹால் வால்வு அப்படியே இருக்கு, பெட்ரூம் வால்வு திறக்குது! ரெண்டுக்கும் வயர் மாறிக் கிடக்கு. பெட்ரூம் ஏன் எப்பவும் குளிருதுன்னு அப்பதான் அவனுக்கே புரிஞ்சுச்சு.

சரியான ஆக்சுவேட்டர் மூடுற பக்கம் அசைஞ்சும் பைப் சுட்டுக்கிட்டே இருந்துச்சுன்னா வால்வுக்குள்ள இருக்குற ஊசி சிக்கியிருக்கலாம், அது வேற கேஸ்.

230 வோல்ட் ஓடலாம், நீ கை வைக்காத, ஹவுஸ் ஓனர்ட்ட சொல்லுன்னேன். எலக்ட்ரீஷியன் வந்து வயர மாத்துனாரு, மறுநாள் காலைல ஹால் 21க்கு வந்துருச்சு. ஆயாகிட்ட சொன்னதுக்கப்புறம்தான் அவுகளுக்கு நிம்மதி.