பல் எனாமலும் மலைநாட்டுத் தேத்தண்ணியும்

தேத்தண்ணி குடித்தே பல் கெட்டது என்று நம் பக்கத்தில் அடிக்கடி சொல்வார்கள். தேயிலைமேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை. சாயம் பல்லில் கறையாக ஒட்டும், அவ்வளவுதான். பல்லின் வெளிமூடியான எனாமலைக் கரைப்பது, சாயத்தண்ணியோடு உள்ளங்கையில் வைத்து நக்கும் சீனியும் கடித்துக்கொள்ளும் சக்கரைத் துண்டும்தான்.

எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கனியுப்பு. கடைவாய்ப் பல்லின் முனையில் இரண்டரை மில்லிமீற்றர் வரை தடிப்பாக இருக்கும். முறிந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் மூடும். எனாமலுக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் அதை உருவாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு வாயில் ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்கும். சீனி பட்ட சில நிமிடங்களிலேயே பல்லில் படிந்திருக்கும் பக்டீரியா அதை அமிலமாக்கிவிடும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த உப்பைத் திருப்பிக் கொடுக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன் ஒரு கோப்பை, பத்து மணிக்கு ஒன்று, கொழுந்தை எடைபோட்ட பிறகு ஒன்று, இடையில் இரண்டு பிஸ்கட் என்று போனால் உமிழ்நீருக்கு அவகாசமே கிடைக்காது. அதே சீனியைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் முடித்துவிட்டால் சேதம் குறைவு. மற்ற நேரம் சீனியில்லாத வெறும் சாயத்தண்ணி குடியுங்கள். சீனி போட்டுக் குடித்தால், பிறகு ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளியுங்கள்.

எனாமலை அமிலத்திலிருந்து காக்க உதவும் உப்பு புளோரைட்டு. அதன் பெயரைக் கேட்டதும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்துப் பிள்ளைகளின் பழுப்புப் பற்களை நினைத்துச் சிலர் பயந்து, புளோரைட்டுப் பற்பசையையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழுப்பு, உலர் வலயத்து நிலத்தடி நீரில் புளோரைட்டு அளவுக்கு மிஞ்சியிருப்பதால் வருவது. மலையகத்துப் பீலித் தண்ணீரில், அதாவது ஊற்றிலிருந்து குழாய் வழி விழும் நீரில், புளோரைட்டு பொதுவாக மிகக் குறைவு. தேயிலையில் கொஞ்சம் உண்டு என்றாலும் அதை நம்பிப் பற்பசையை விட முடியாது. கரைந்த இடத்தில் புளோரைட்டு சேர்ந்தால் அங்கே புதிதாகப் படியும் உப்பு முன்னதைவிட அமிலத்தைத் தாங்கும். மூலிகை என்று பெயர் போட்ட எல்லாப் பற்பசையிலும் அது இருக்காது. பெட்டியின் பின்பக்கத்தில் சோடியம் புளோரைட்டு அல்லது சோடியம் மொனோபுளோரோபொஸ்பேற்று என்று இருக்கிறதா, அதன் அளவு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) வரை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயது வரை ஒரு அரிசியளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். மென்மையான தூரிகையால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரவில் துலக்குவதைத் தவறவிடவே கூடாது, தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் சேர்ந்து போய்விடும்.

சாயக்கறை போகட்டும் என்று அடுப்புக்கரி, உப்பு, செங்கல் தூள் போட்டுத் தேய்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கறையோடு எனாமலும் தேயும். தேயத் தேய எனாமலுக்கு அடியிலிருக்கும் தந்தினி என்ற மஞ்சள் நிறப் படை தெரியவரும், பல் இன்னும் மஞ்சளாகும். நுவரெலியாக் குளிர்காற்று பட்டாலே பல் கூசுகிறதென்றால் அந்த நிலைக்கு வந்திருக்கக்கூடும்.

புளிப்பு, பக்டீரியாவின் உதவியில்லாமல் நேராகவே எனாமலைக் கரைக்கும். வெரளுக்காய் (சிலோன் ஒலிவ்) அச்சாறு, மாங்காய், சோடா எல்லாம் இதில் அடக்கம். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குமட்டும்போது எலுமிச்சங்காயை மோந்து பாருங்கள், சப்ப வேண்டாம். அதன் பிஎச் 2 முதல் 2.5 வரைதான். வாந்தி எடுத்தவர்கள், மசக்கையில் வாந்தி எடுக்கும் பெண்களும்கூட, உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் இளகிய எனாமல் தூரிகையோடு போய்விடும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா (சமையல் சோடா) கரைத்துக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்து சில மாதங்களிலிருந்தே தாடைக்குள் உருவாகிறது. அந்த வயதில் போசாக்குக் குறைந்தாலும் கடுமையான காய்ச்சல் நீடித்தாலும் பல் குழியோடும் கோடோடும் முளைக்கலாம். சூப்பிப் போத்தலில் சீனித் தேத்தண்ணி கொடுத்துத் தூங்கவைத்தால் மேல் முன்பற்கள்தான் முதலில் போகும். ஈறோரம் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைத் தழும்பு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். குழி விழாத அந்தக் கட்டத்தில், கரைந்த உப்பைத் திரும்பச் சேர்த்து அதைச் சரியாக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கிலோ பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலோ காட்டி, புளோரைட்டு வார்னிஷ் பூச முடியுமா என்று கேளுங்கள்.

ஆறு வயதளவில் எந்தப் பல்லும் விழாமலே பல்வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பாற்பல்தானே, விழுந்துவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். முழுதாக மேலே வரும்வரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்தே நிற்பதால் நேராகத் துலக்கினால் தூரிகை படாது. தூரிகையைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக விட்டு, அந்தப் பல்லை மட்டும் தனியாகத் துலக்கிவிடுங்கள்.