செங்காங்கிலிருந்து ஒன்பது நிறுத்தம்

அக்டோபர் 16, 2024, புதன்

ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்குத் தாய்ப்பால், 3 மில்லி. சிரிஞ்சுக்குள் மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது. ஒட்டுத்தாளில் தேதி, நேரம், என் மனைவி பெயர் எல்லாம் எழுதி ஒட்டி, இரண்டு ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துப் பையை மூடினேன். அதற்குள் அத்தை இரண்டு தடவை அறைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டார். "சிந்திடாம பாத்துக் கொண்டு போங்க மாப்ள."

சிங்கப்பூரின் ஊதா நிற வடகிழக்குப் பாதை ரயிலில், செங்காங்கில் ஏறினால் புவாங்கோக், ஹவ்காங், கோவன், சிராங்கூன், உட்லீ, பொத்தோங் பாசிர், பூன் கெங், ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா. ஒன்பது. ரயிலில் எதுவும் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி அபராதம் என்ற அறிவிப்பை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். கொண்டு போகலாம், குடிக்கத்தான் கூடாது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் இரண்டு முறை படித்தேன்.

அக்டோபர் 17

மகள் பிறந்தபோது 1,040 கிராம். இன்று 965. எல்லாக் குழந்தைக்கும் முதல் வாரம் எடை இறங்கும் என்கிறார் நர்ஸ். எல்லாக் குழந்தைக்கும் இறங்கட்டும், இறங்குவதற்கு அவர்களிடம் இருக்கிறது.

அக்டோபர் 19, சனி

தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் மனைவியின் பால் பம்ப் ஓடுகிறது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்தச் சத்தம் நிற்கும்வரை நானும் விழித்திருக்கிறேன், பிறகும் விழித்திருக்கிறேன்.

போன மாதம் 25ஆம் தேதி கிழக்கு மேற்குப் பாதையில் ஒரு ரயிலின் சக்கர அச்சிலிருந்து பாகம் கழன்று விழுந்து தண்டவாளம் சேதமாகி, ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் நடுவே 30ஆம் தேதிவரை ரயிலே ஓடவில்லை. அப்போது இவள் வயிற்றில் 25 வாரம். எனக்கு அது வெறும் செய்தி, அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பாவம் என்று நினைத்ததோடு சரி. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து, அப்படி ஒன்று ஊதாப் பாதையில் நடந்தால் நான் எந்தப் பேருந்தில் எங்கே மாறி எத்தனை நிமிடத்தில் பாலைக் கொண்டு சேர்ப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்சி இருக்கிறது, தெரியும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் டாக்சி கேட்டால்? பால் ஐஸில் ஒரு நாள் வரைக்கும் தாங்கும் என்றும் தெரியும். தெரிவதால் ஒன்றும் ஆவதில்லை.

மற்ற பாதைகளில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரம். வடகிழக்குப் பாதையில் மட்டும் மேலே கம்பி, 1,500 வோல்ட். 2003 ஜூன் 20இல் திறந்த நாளிலிருந்தே ஓட்டுநர் இல்லை. இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்னை, இந்த நேரத்தில் படிக்க.

அக்டோபர் 22

990.

ரயில் கதவுக்கு மேலே இருக்கும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஹார்பர்ஃபிரண்ட், நிலைய எண் என்இ1. அடுத்தது ஊட்ரம் பார்க், என்இ3. இரண்டு எங்கே? இத்தனை வருடம் இந்த ரயிலில் போகிறேன், கண்ணில் பட்டதே இல்லை. எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், நிலையம் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

பூன் கெங் தாண்டிச் சுரங்கத்துக்குள் ரயில் நின்றது. விளக்கு எரிகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மட்டும் பையை மடியில் இறுக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். முன்னால் நின்று ஓட்டுகிறவர் என்று ஒருவர் இருந்தால் அவர் பயப்படவில்லை என்றாவது நினைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. ஃபேரர் பார்க்கில் கதவு திறந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இன்று 18 மில்லி, ஆறு புட்டிகளில்.

அக்டோபர் 27

உட்லீயைப் பற்றி. அந்த நிலையத்தைக் கட்டி முடித்தது 2003இல், மற்ற நிலையங்களோடு சேர்த்துத்தான். சுற்றிலும் ஆளில்லை என்று 2011வரை திறக்கவில்லை. எட்டு வருடம் ரயில் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. நான் அப்போது காலேஜ் போய்க்கொண்டிருந்தேன், ஜன்னலில் ஒரு கணம் வெளிச்சம் தெரியும், ஆளில்லாத நடைமேடை, அப்புறம் இருட்டு. இங்கே மகள் பன்னிரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள், எதுவும் தயாராக இல்லை, தொட்டில்கூட வாங்கவில்லை.

அக்டோபர் 31, தீபாவளி

அத்தை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டார், பெரியவனுக்கும் எனக்கும். இவளுக்குத் தலையில் தொட்டு மட்டும் வைத்தார். தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை, சளியும் இருக்கிறது, அதனால் உள்ளே விடமாட்டார்கள். பதினாறு நாளாகப் பிள்ளையைப் போனில்தான் பார்க்கிறாள்.

புதுச்சட்டை போட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ரயில் முழுக்கப் பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, முறுக்கு டப்பா. எதிரே நின்ற ஒரு பாட்டி என் பையைப் பார்த்து, "பலகாரமாப்பா?" என்றார். ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நல்ல நாளில் அவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

லிட்டில் இந்தியாவில் இறங்கிய எல்லோரும் தேக்கா சந்தைப் பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் மறுபக்கம். அவள் கண்ணாடிப் பெட்டியின் மேல் யாரோ காகிதத்தில் அகல்விளக்கு வரைந்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். யார் என்று கேட்டேன், ராத்திரி வேலை பார்த்த நர்ஸ், மலாய்ப் பெண். அதைப் பார்த்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

1,120.

நவம்பர் 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தப் பாதையில் நிற்க இடம் கிடைக்காது, வேலைக்கு வந்த தம்பிகள் எல்லோரும் தேக்காவுக்குத்தான் வருவார்கள். கூட்டத்தில் பையை நெஞ்சோடு பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன், இருபத்தைந்து வயது இருக்கும், "அண்ணே, சாப்பாடா? கீழ வைங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான். இவனிடம் உண்மையைச் சொன்னேன். பால், மகளுக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவன் எதுவும் கேட்கவில்லை. திரும்பி நின்று முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்து, இரண்டு கையையும் எனக்கு இரண்டு பக்கமும் கதவில் ஊன்றிக்கொண்டான். பொத்தோங் பாசிரிலிருந்து லிட்டில் இந்தியாவரை அப்படியே வந்தான். விரல் மடிப்புகளில் சிமெண்ட் வெள்ளையாகப் படிந்திருந்தது, கழுவியும் போகாத சிமெண்ட். இறங்கும்போது, "எனக்குப் பையன், ஏழு மாசம். இன்னும் தூக்கலண்ணே" என்று மட்டும் சொன்னான். பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 5

அத்தை பிறந்தது 1966இல், மகள் இருக்கும் இதே கேகே, அதாவது கண்டாங் கெர்பாவ், ஆஸ்பத்திரியில். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தனவாம், உலக சாதனை. ஒரே கட்டிலில் இரண்டு தாய்மாரைப் படுக்க வைத்தார்கள் என்று அத்தையின் அம்மா சொல்லுவாராம். ஆஸ்பத்திரி 1997இல் இப்போதைய இடத்துக்கு மாறிவிட்டது. ஹேம்ஷியர் சாலையில் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. அதாவது அத்தை பிறந்த இடத்தில் உட்கார்ந்துதான் இந்த ரயில் பாதைகளையெல்லாம் திட்டம் போடுகிறார்கள். இதை அத்தையிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம், அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் மாடுதான், பால்தான். "நீங்களும் பாலோடதான போறீங்க மாப்ள" என்றார்.

நவம்பர் 8

இன்று எழுத முடியாது.

நவம்பர் 9

ரத்தம் 18 மில்லி ஏற்றினார்கள். ஆன்டிபயாடிக். பால் கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கொண்டு போனேன், உறைய வைப்பார்கள். கொண்டு போகாவிட்டால் நான் என்ன செய்வது?

என்இ1, என்இ3.

நவம்பர் 10

அதே.

நவம்பர் 11

திரும்பவும் பால். ஒரு வேளைக்கு 2 மில்லி. போதும், 2 போதும்.

நவம்பர் 15, வெள்ளி

இவளை உள்ளே விட்டார்கள்! தையல் ஆறிவிட்டது. அத்தை நாற்பது நாள் முடியட்டும் என்று ஒரு தடவைதான் சொன்னார், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே போய்க் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தார்.

டாக்சி வேண்டாம், ரயிலில்தான் வருவேன் என்றாள். இத்தனை நாள் நான் போன வழியைப் பார்க்க வேண்டுமாம். முன்னுரிமை இருக்கையில் உட்கார வைத்தேன். சிராங்கூனில் ஏறிய ஒரு பெரியவர் இவளை ஒரு மாதிரி பார்த்தார், நல்லா இருக்கிற பொண்ணுக்கு எதற்கு இந்த இருக்கை என்று. இவள் எழுந்திருக்கப் போனாள், நான் தோளை அழுத்தி உட்கார வைத்து, அவரிடம் ஆபரேஷன் ஆன உடம்பு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கும்பிட்டார், பாவம். பை இவள் மடியில் இருந்தது. ஒன்பது நிறுத்தமும் ஒன்றும் பேசவில்லை.

நெஞ்சின் மேல் போட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தாள், குழாய்களோடு. திரையில் எண்கள் ஆடாமல் நின்றன. நான் இத்தனை நாளும் விரலை மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

நவம்பர் 20

பெயர் பதிந்தாகிவிட்டது. 42 நாளுக்குள் பதிய வேண்டும், இன்று 39. வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். காரணம் சொல்லவில்லை, எனக்கும் தெரியும், அதனால்தான் நானும் தள்ளிப்போட்டேன். போனில் ஐந்து நிமிட வேலை. பெட்டியில் இதுவரை இவள் பெயரைப் போட்டு 'குழந்தை' என்றுதான் எழுதியிருந்தது. நாளைக்கு மாற்றுவார்கள்.

பெயரை இங்கே எழுதமாட்டேன்.

நவம்பர் 21

மாற்றிவிட்டார்கள். பச்சை மையில்.

நவம்பர் 30, சனி

1,730. பெரியவனை அழைத்துக்கொண்டு போனேன், ரயிலில் மட்டும். முதல் பெட்டியில், முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். ஓட்டுகிறவர் இல்லாததால் சுரங்கம் முழுக்க அவனுக்குத்தான். "அப்பா, பாப்பா இந்த ரயில்லதான் வீட்டுக்கு வருமா?" காரில்தான் வரும், சீட் வாங்கியாகிவிட்டது. ஆமாம் என்றேன்.

டிசம்பர் 6

மூச்சு விட மறந்து போகிறாள். இதயத் துடிப்பும் இறங்குகிறது, தட்டினால் சரியாகிவிடுகிறது. இது இல்லாமல் தொடர்ந்து ஏழு நாள் இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்று நாள் ஆகியிருந்தது. இன்று அதிகாலை மறந்துவிட்டாள். மறுபடி பூஜ்யம்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று பிற்பகல் 3 மணிக்குப் பொங்கோல் கோஸ்ட் திறந்தார்கள். பொங்கோலைத் தாண்டி 1.6 கிலோமீட்டர், என்இ18. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கடைசி நிலையத்தின் பெயர் மாறியிருந்தது. கேமராவோடு ஒரே இளைஞர் கூட்டம், புதுப் பெயர் அறிவிப்பில் வந்ததும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. செங்காங்கில் இறங்காமல் அவர்களோடு கடைசிவரை போனேன். சுவரெல்லாம் புதுச் சாயம், படிக்கட்டின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு எதிர் ரயிலில் வந்துவிட்டேன்.

நான்காம் நாள்.

டிசம்பர் 11

ஐந்து. 2,040.

டிசம்பர் 12

ஆறு. கார் சீட்டைக் கொண்டு வரச் சொன்னார்கள், அதில் உட்கார வைத்து மூச்சைப் பார்ப்பார்களாம். காரை இன்று மச்சான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், நானும் கேட்கவில்லை, சீட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கே வந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் வைத்து வாரைப் போட்டிருக்கிறேன். உள்ளே பால் பை. இப்போது கோவன்.