யார் ரிவர்ஸ் எடுப்பது?

முகூர்த்த நாளில் கைமுறுக்கு சரியாக வந்ததா என்ற கவலை எனக்குக் கிடையாது. அது அடுப்படியில் நிற்கிற அக்காமார் பொறுப்பு. அதை உடையாமல் கல்யாண வீட்டில் இறக்குவதுதான் என் பாடு. காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறோம். இவுக, அதான் என் வீட்டுக்காரர், கணக்குப் பார்ப்பாக, வேன் ஓட்டுவது நான்.

சடன் பிரேக் எங்கள் தொழிலுக்கு நேரடி நஷ்டம். நாலு தடவை அடித்தால் சீப்புச் சீடை பாதி டின் தூளாகிவிடும். அதனாலேயே முன்னால் போகிறவர் எதற்கு நின்றார் என்று கவனிப்பது பழக்கமாகிவிட்டது. டிராஃபிக் நெரிசலுக்குக் காரணம் "ரோடு சின்னது, வண்டி பெருத்துப் போச்சு" என்று ஊரே சொல்கிறது. அதை நான் பாதிதான் நம்புகிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி தெருக்கள். ஒரே வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி வைத்துக் கட்டிய ஊர் அது. அந்தத் தெருவிலேயே ஒரு கல்யாணம் என்றால் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொள்கிறோம்.

எப்படி மாட்டுகிறது என்றால், முகப்பு வாசலில் ஒரு கார் ஆட்களை இறக்கும். இறக்கிவிட்டு நகர வேண்டியதுதானே? நகராது. "ஐயா இப்ப வந்துருவாக" என்று டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருப்பார். அவருக்கு நேர் எதிரே இன்னொருவர், அவருக்கும் ஒரு ஐயா. நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான் மிச்சம். கிழக்கே இருந்து ஒருவர் நுழைவார், மேற்கே இருந்து ஒருவர். இரண்டு பேரும் தூரத்திலேயே ஹெட்லைட்டைச் சிமிட்டுவார்கள். சிமிட்டினால் "நீங்க வாங்க" என்று சில நாடுகளில் அர்த்தமாம். நம்ம ஊரில் "நான் வர்றேன், நீ நில்லு" என்றுதான் அர்த்தம். இரண்டு பேரும் வருவார்கள். பம்பரும் பம்பரும் முட்டுகிற தூரத்தில் நிற்கும்.

இதுவரைக்கும்கூடப் பெரிய விஷயமில்லை. ஒருவர் பத்தடி பின்னால் எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அதற்குள் மூன்றாவது வண்டி, நாலாவது வண்டி வந்து பின்னால் ஒட்டி நின்றுவிடும். கார்களுக்கு இடையிலுள்ள சந்தில் பைக்குகள் சொருகிக்கொள்ளும். முதல் இரண்டு பேருக்கும் இப்போது மனசு வந்தாலும் வழியில்லை. திட்டு வாங்குவது அவர்கள்தான். என்னைக் கேட்டால் முடிச்சைப் போட்டது அந்த நாலாவது ஆள். முன்னால் அடைத்துக்கொண்டது தெரிந்தும் தெருவுக்குள் நுழைந்தவர் அவர். ஹாரனையும் அவர்தான் அதிகம் அடிப்பார்.

ரயில்வே கேட்டில் இதே கதை பெரிய அளவில் நடக்கும். கேட் போட்டதும் இந்தப் பக்கம் வரிசை இடது ஓரமாகத்தான் ஆரம்பிக்கும். யாரோ ஒருவர் வலது பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து ஏறிப் போய் முன்னால் நிற்பார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். அந்தப் பக்கமும் இப்படியே. கேட் திறக்கும்போது ரோட்டின் முழு அகலத்துக்கும் இரண்டு படை எதிரெதிராக நிற்கும். ரயில் போக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அதற்கப்புறம் இந்தப் போர் முடியப் பத்து நிமிஷம்.

செக்காலை ரோட்டில் வேறு மாதிரி. டவுன் பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடு ரோட்டில் ஆளை ஏற்றும். பஸ்காரரைத் திட்டுவோம். ஓரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, அதனால் அவருக்கு இடமில்லை. ஆட்டோ ஏன் அங்கே நிற்கிறது? பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்தானே அதற்கும் சவாரி. கூட்டமோ பஸ் நடு ரோட்டில்தான் நிற்கும் என்று தெரிந்து ரோட்டுக்கே இறங்கி வந்துவிடுகிறது. யாரைக் குற்றம் சொல்வது? மருந்துக்கடை வாசலில் இண்டிகேட்டரை எரியவிட்டுப் போகிறவரை மட்டும் தயங்காமல் சொல்லலாம். இண்டிகேட்டர் எரிந்தால் வண்டி ரோட்டில் இல்லை என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார்.

சிக்னல் கணக்கு சின்னதுதான். பச்சை விழுந்த பிறகு ஒரு வரிசையில் கார்கள் சுமாராக இரண்டு வினாடிக்கு ஒன்று தாண்டும். முன்னால் நிற்கிறவர் செல்போனைப் பார்த்து நாலு வினாடி கழித்து நகர்ந்தால், பின்னால் இரண்டு கார் அடுத்த பச்சைக்குக் காத்திருக்கும். அவர் போய்விட்டார், அவருக்கு எங்கே தெரியும்.

என் மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஜப்பானில் நடந்த ஒரு சோதனையை வீடியோவில் காட்டினான். 2008இல் வெளியான ஆய்வு. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை, அதில் 22 கார்கள். எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டரில் சீராகப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சிக்னல் இல்லை, குழி இல்லை, குறுக்கே மாடு இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, அதற்கும் பின்னால் வந்தவர் நின்றே போனார். அந்த நெரிசல் கார்கள் போகிற திசைக்கு எதிராக, பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. பார்த்ததும் எனக்குப் பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. திருப்பத்தூர் ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து போவோம், திடீரென்று வழி விட்டுவிடும். என்னடா விபத்தா என்று பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது.

நெடுஞ்சாலையில் இதற்கு மருந்து முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு வினாடி இடைவெளி. நான் விட்டுத்தான் ஓட்டுகிறேன், பலகாரத்துக்காகவாவது. விட்ட இடத்தில் ஒருவர் வந்து சொருகுவார். "எதுக்கு வழி விடுற?" என்று இவுக கேட்பாக. சொருகினால் மறுபடி காலை லேசாக எடுத்தால் போச்சு, பிரேக்கே வேண்டாம். அடுத்த ஊர் சேரும்போது அவரும் நானும் ஒரே வேகத்தடையில்தான் ஏறி இறங்குவோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்போது விலக நினைத்தாலும் விலக இடம் வேண்டுமே. சந்துகளையெல்லாம் அதற்கு முன்பே நிரப்பிவிடுகிறோம்.

போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் நல்ல ஏற்பாடு பார்த்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு இளவட்டத்தை நிறுத்தி, கிழக்கே நுழைந்து மேற்கே போகணும் என்று சொல்லிவிட்டார். வண்டி நிறுத்த ஊருணிப் பக்கம் பொட்டல். சாமான் வண்டிகளுக்குப் பின்கட்டுத் தெரு. காலை முழுக்க ஒரு ஹாரன் சத்தம் இல்லை.

பதினொன்றரைக்கு, "பந்தி ஆரம்பிச்சாச்சு, வாங்கப்பா" என்று யாரோ அந்த இரண்டு பையன்களையும் கூட்டிப் போய்விட்டார்கள்.

நான் காலி டின்களோடு கிளம்பும்போது எதிரே மேற்கிலிருந்து ஒரு குட்டி யானை, முழுக்க வாடகை நாற்காலி. சிமிட்டிக்கொண்டே வந்து என் மூக்கில் நின்றது.

"அக்கா, கொஞ்சம் பின்னாடி எடுங்களேன்."

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் சுற்றுலா வேன், நடுவில் நாலைந்து பைக்.

"தம்பி, உங்க பின்னாடி யாருமில்ல. இன்னும் அரை நிமிஷத்துல வந்துருவாக. அதுக்குள்ள நீங்க எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார். ஆனால் எடுத்தார்.