முஸ்தபா போர்டு: ஒரு பழுது நாட்குறிப்பு

மே 4, 2024, சனி. திருப்பூர்

பின்னலாடை எந்திரங்களின் மின்னணு போர்டுகளைச் சரி செய்வதுதான் என் பிழைப்பு. இன்று பொள்ளாச்சியிலிருந்து வந்த சரக்கு வேறு. ஒரு காலத்தில் அங்கே வீடியோ கேம் கடை நடத்திய அண்ணன் குடோனைக் காலி செய்கிறார். "எடைக்குப் போட மனசு வரவில்லை கண்ணு, நீயே வைத்துக்கொள்" என்று, காசு போட்டு ஆடும் கேம் பெட்டி ஒன்றை அப்படியே டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பெட்டியின் பின்கதவைத் திறந்தால், ஜப்பானின் கேப்காம் கேம் நிறுவனத்தின் அசல் போர்டு! 1993இல் வந்த 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. தொப்பி வைத்த வீரனின் பெயரால் அது முஸ்தபா கேம். நான் அதை ஆடியதெல்லாம் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில், இப்படிப்பட்ட போர்டைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில்தான். அசல் போர்டை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன்.

மே 5, ஞாயிறு

இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை.

இந்த வகைப் போர்டில் ஒலிப்பகுதியை இயக்கும் நிரல் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. திறவுகோல் ஒரு சிப்புக்குள் இருக்கிறது. அதை அழியாமல் காப்பது ஒரு சின்ன பேட்டரி. பேட்டரி செத்தால் திறவுகோல் அழியும், போர்டும் முடங்கிவிடும். நகல் எடுப்பவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் நகல் போர்டுகள் எப்படியும் வந்தன. ஒலிப்பகுதியை மாற்றி, வேறு சிப்பை வைத்துச் செய்துவிட்டார்கள். தண்டனை முழுவதும் காசு கொடுத்து அசலை வாங்கியவருக்குத்தான். ஒரு பொருள் சாவதற்கான வழியை அதற்குள்ளேயே வைத்து விற்பதை ஒரு மெக்கானிக்காக என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லவேளை, முன்பே யாரோ ஒருமுறை பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். ஈயம் வைத்த கை சுத்தமான கை. மீட்டரில் இன்னும் உயிர் காட்டுகிறது, ஆனால் தளர்ந்துவிட்டது.

மே 7, செவ்வாய்

மாற்றிவிட்டேன். பழையதைக் கழற்றும் முன் அதே முனைகளில் இன்னொரு பேட்டரியை இணையாகப் பிடித்துக்கொண்டேன். சிப்புக்கு ஒரு நொடிகூட மின்சாரம் அறக்கூடாது. ஈயம் உருக்கும் நேரத்தில் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் முனையில் வைத்தேன். கசிவு மின்சாரம் பட்டால் எல்லாம் போய்விடும். கடைப்பையனை அந்தப் பக்கமே வரவிடவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் படம் வந்தது, சத்தமும் வந்தது! இந்த ஒலியைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்டதற்கும் இதற்கும் உறவே இல்லை. அடி விழுந்தால் கேபினட் பலகை அதிர்கிறது.

மே 12, ஞாயிறு

கோபியிலிருந்து அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் ஆடலாம். வீரர்கள் நால்வர்: ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ். பெரியவன் முஸ்தபாவைப் பிடித்துக்கொண்டான், சின்னவள் ஹன்னாவை. எனக்கு மெஸ், நடை மந்தம், ஆனால் அடி இடி. அடிக்கும் பட்டனையும் தாவும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் பறப்பார்கள், பதிலுக்கு நம் உயிர் கொஞ்சம் குறையும். இதைச் சொல்லிக் கொடுத்ததும் பெரியவன் வேறு எதையுமே அழுத்தவில்லை. இரண்டாம் கட்டத்தின் பெரிய வில்லன் புட்சரிடம் மூன்று பேரும் விழுந்தோம். காசுக் கணக்கு இல்லாததால் எழுந்து எழுந்து அடித்தோம்.

மூன்றாம் கட்டத்தில் கேடிலாக் காரையே ஓட்டலாம். மூலக்கதை மார்க் ஷுல்ட்ஸின் 'ஜீனோசோயிக் டேல்ஸ்' காமிக்ஸ். அதில் ஜாக்கின் கார் பெட்ரோலில் ஓடுவதில்லை, டைனோசார் சாணத்தில் ஓடுகிறது. பிள்ளைகள் நம்பவில்லை. "நம் தோட்டத்துச் சாளையில் சாண எரிவாயு அடுப்பில்தானே அப்புச்சி காப்பி போட்டுக் கொடுத்தார்?" என்றேன். உடனே நம்பிவிட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் இன்றுதான் நடந்தது. பெயரில் டைனோசார் இருப்பதால் பெரியவன் அதை எதிரி என்றே நினைத்து அடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டால் அதற்கு நிறம் மாறும்; பிறகு நம்மவன், எதிராளி என்று பார்க்காமல் எல்லாரையும் தாக்கும். கதையே வேறு. டைனோசார்களை வேட்டையாடி விற்கும் கும்பலைத் தடுக்கத்தான் இந்த நால்வரும் கிளம்புகிறார்கள். சின்னவளுக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. "அண்ணா, அதை விடு, பாவம். சுடுகிறவனைப் பிடி" என்று கத்தினாள். கோயம்புத்தூர் பக்கம் தடாகம் என்ற ஊரில் யானை வந்துவிட்டால் வெடி போட்டு விரட்டக் கூடும் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். மிரண்ட விலங்குக்கு எதிரே நிற்பவன் யார் என்று தெரியாது. முப்பது ஆண்டுக்கு முந்தைய ஓர் அடிதடி ஆட்டத்தில் இதை யோசித்து வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மே 14, செவ்வாய்

மூன்றாவது ஜாய்ஸ்டிக்கில் இடப்பக்கம் சிக்குகிறது. மைக்ரோ ஸ்விட்ச் மாற்ற வேண்டும். கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றிய தேதியைப் போர்டுப் பெட்டியின் மேல் அழியாத மையில் எழுதி ஒட்டிவிட்டேன். மொத்தம் எட்டுக் கட்டம். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும் முன் முடித்தாக வேண்டும் என்று அக்காவிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.