நாற்பது புள்ளி ஹெலிகாப்டர்

20 ஜனவரி 2024, சனி

செவ்வாய்க் கிரகத்தில் பறக்கும் நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனியூட்டியிடமிருந்து தொடர்பு இல்லை. 18ஆம் தேதி 72வது தடவையாகப் பறந்தது. இறங்கி முடிவதற்குள் சிக்னல் நின்றுவிட்டது என்று நாசா சொல்கிறது. அந்த ஹெலிகாப்டர் பூமியோடு நேராகப் பேசாது. அங்கே தரையில் ஊரும் பெர்சிவரன்ஸ் என்ற ரோவர் வண்டியிடம் சொல்லும், ரோவர் செவ்வாயைச் சுற்றும் ஆர்பிட்டருக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து பூமிக்கு வர, இப்போதுள்ள தூரத்தில், வெளிச்சத்துக்கே கிட்டத்தட்ட இருபது நிமிடம். நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்கு ஒன்றும் வராது.

ரா படங்கள், அதாவது யாரும் கைவைக்காத மூலப் படங்கள், ஏறும் நாசா இணையப் பக்கத்தைக் காலையிலிருந்து திறந்து திறந்து மூடுகிறேன். கோப்பின் பெயர் எச்-சில் தொடங்கினால் ஹெலிகாப்டர் எடுத்தது. இசட்எல் என்றால் ரோவரின் மாஸ்ட்கேம்-இசட் கேமராவின் இடது கண், இசட்ஆர் என்றால் வலது கண். அடுத்து வரும் எண், அது எத்தனையாவது சோல் என்று சொல்லும். சோல் என்பது செவ்வாயின் ஒரு நாள், 24 மணி 39 நிமிடம் சொச்சம். இசட்எல், இசட்ஆர் எல்லாம் வழக்கம்போல் வந்து குவிகின்றன. எச் ஒன்றையும் காணோம்.

இந்தப் படங்களெல்லாம் எப்படி உன் கைக்கு வருகின்றன என்று கேட்பவர்களுக்கு: எல்லார் கைக்கும் வருகின்றன. 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ரோவர்களும் செவ்வாயில் இறங்கியபோது, படங்களை வந்த சூட்டோடு பொதுவில் போட்டுவிடுவது என்று அவற்றின் தலைமை விஞ்ஞானி ஸ்டீவ் ஸ்குவைர்ஸின் குழு முடிவெடுத்தது. அதுவரை பல திட்டங்களில், விஞ்ஞானிகள் கட்டுரை எழுதி முடிக்கும்வரை படங்கள் பெட்டிக்குள் இருக்கும். பூட்டைத் திறந்த அந்த முடிவால்தான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கலர் கரெக்‌ஷன் பார்க்கும் ஆள் செவ்வாய்க் கற்களோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்ட முடிகிறது.

21 ஜனவரி, ஞாயிறு

தொடர்பு கிடைத்துவிட்டது. படம் இன்னும் இல்லை.

23 ஜனவரி, செவ்வாய்

காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலை. மாஸ்ட்கேம்-இசட் எடுத்த ஒரு வரிசைப் படங்களை இறக்கினேன். இவற்றில் பல, கறுப்பு வெள்ளைபோல, பொடிப்பொடிக் கட்டங்களாக வரும். கேமராவின் சென்சார்மேல் பச்சை, சிவப்பு, நீலம் என்று குட்டிக் குட்டி வடிகட்டிகள் சதுரங்கப் பலகைபோலப் பதிந்திருக்கும். நாலு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். இதற்குப் பேயர் அமைப்பு என்று பெயர். அந்தக் கட்டங்களைப் பிரித்து நிறமாக்குவது நம் வேலை. பிரித்த உடனே பார்த்தால் மண், மலை, வானம் எல்லாமே பாசி பிடித்தமாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் செவ்வாயில் தாவரம் என்று வாட்ஸ்அப்பில் கிளம்புகிறார்கள்.

பச்சையை இறக்கவேண்டும். எவ்வளவு இறக்குவது?

இதற்கு ஓர் ஆதாரம் ரோவரின் முதுகிலேயே இருக்கிறது. மேல்தட்டில் நிறவட்டங்களும் சாம்பல் வட்டங்களும் கொண்ட சின்னத் தகடு, நடுவில் நிழல் விழ ஒரு குச்சி. ‘இரண்டு உலகங்கள், ஒரே தொடக்கம்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். வட்டங்களுக்கு அடியில் வளையக் காந்தங்கள். செவ்வாய்த் தூசியில் இரும்பு அதிகம், அதனால் காந்தம் அதை ஓரத்துக்கு இழுத்துவிடும், நடுப்பகுதி ஓரளவு சுத்தமாக நிற்கும். கேமரா அவ்வப்போது இந்தத் தகட்டையும் படமெடுக்கும். சாம்பல் சாம்பலாக வந்துவிட்டால் மற்ற நிறங்கள் தானாக ஒழுங்குக்கு வரும் என்பது பிரஸ்ஸில் முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம். அங்கேயும் அதுவேதான்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கு. சாம்பலைச் சுத்தச் சாம்பலாக்கினால் கிடைப்பது, அதே கற்கள் நம்மூர் வெயிலில் கிடந்தால் எப்படித் தெரியுமோ அது. புவியியலாளர்களுக்கு இதுதான் வேண்டும். பூமியில் பழகிய கண்ணுக்குக் கல் அடையாளம் தெரியும். அங்கே போய் நின்றால் தெரிவது வேறு. தூசி மண்டிய வானம் வெளிச்சத்தையே பழுப்பாக்கித்தான் கீழே அனுப்புகிறது. இரண்டும் சரி. எதைச் செய்தோம் என்று படத்தின் கீழே எழுதாமல் விடுவதுதான் தப்பு.

1976 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 கலம் அனுப்பிய முதல் வண்ணப்படத்தில் நாசாவே வானத்தை நீலமாக வெளியிட்டது. பிறகு கணக்கைச் சரிபார்த்து, இல்லை, வெளிர் சிவப்புதான் என்று திருத்தினார்கள். கூடியிருந்த நிருபர்கள் ‘ஊ’ என்று கூச்சல் போட்டார்களாம். நீல வானம் என்றால் மனுஷனுக்கு அவ்வளவு ஆசை.

26 ஜனவரி, வெள்ளி

முடிந்துவிட்டது. இனிப் பறக்காது என்று நாசா தலைவர் பில் நெல்சன் அறிவித்துவிட்டார். இறக்கையின் நிழல் மணலில் விழுந்திருக்கும் படம் வந்திருக்கிறது. நுனி ஒடிந்திருப்பது நிழலிலேயே தெரிகிறது.

முழுக் கதையும் இப்போதுதான் தெளிவாகிறது. 6ஆம் தேதி 71வது பறப்பில் எதிர்பாராமல் அவசரமாக இறங்கியிருந்தது. எங்கே நிற்கிறது என்று பார்க்க நேராக மேலே போய் நேராக இறங்கச் சொன்னார்கள். 12 மீட்டர் ஏறியது, சில நொடி நின்றது, இறங்கும்போது தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தது. கீழே நோக்கும் கறுப்பு வெள்ளைக் கேமரா, தரையிலுள்ள கற்களின் அடையாளத்தை வைத்துத்தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். அந்த இடத்திலோ கல்லே இல்லாத மணல் மேடு, அலை அலையாக. கண்ணுக்குப் பிடி கிடைக்கவில்லை.

1.8 கிலோ எடை. நுனிக்கு நுனி 1.2 மீட்டர் இறக்கை. பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்போலத்தான் அங்கே காற்றின் அடர்த்தி. அதில் பறக்க நிமிடத்துக்கு 2400 சுற்றுக்கு அருகே சுழலவேண்டும். முப்பது நாளில் ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஓட்டிவிட்டது. சென்னை ஐஐடியில் படித்த பாப் பலராம்தான் இதன் தலைமைப் பொறியாளராக இருந்தவர். செவ்வாயில் ஹெலிகாப்டர் என்று 1990களில் அவர் பேச ஆரம்பித்தபோது பணம் கிடைக்கவில்லை. யோசனை பல வருஷம் அலமாரியில் கிடந்தது.

பிரஸ்ஸில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நான் நிழல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

சோல் 1052. பிப்ரவரி 4ஆம் தேதி மாஸ்ட்கேம்-இசட் முழு ஜூமில் ஹெலிகாப்டர் நிற்கும் திசையைப் பிடித்திருக்கிறது. ஆறு படம். சுமார் 450 மீட்டர் தூரம். அந்த இடத்துக்கு வலினார் மலைகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆறையும், படங்களை ஒட்டவைக்கும் ஹகின் என்ற மென்பொருளில் போட்டுத் தைத்தேன். தூரக் காட்சி என்பதால் தையல் சுலபமாக விழுந்தது. பக்கத்துக் கற்கள் இருந்தால்தான் பாடு. கேமரா கம்பத்தின்மேல் திரும்பும்போது அது இருக்கும் இடமே கொஞ்சம் நகர்ந்துவிடும், ஒரே கல் இரண்டு விளிம்போடு நிற்கும்.

மணல் மேட்டின்மேல் சாய்வாக ஒரு சின்னக் கறுப்பு. கணக்குப் போட்டேன். 110 மில்லிமீட்டர் ஜூமில் 450 மீட்டருக்கு ஒரு பிக்சல் என்பது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். 1.2 மீட்டர் இறக்கை மொத்தமே நாற்பது பிக்சல். உடல் ஐந்தாறு பிக்சல்தான். கால்களின் தடிமன் ஒரு பிக்சல்கூட வராது, மணலோடு கலந்துவிடும். இறக்கை இரண்டு பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம்தானா? நாற்பது புள்ளியை எவ்வளவு நேரம் வெறித்தாலும் சொல்ல முடியவில்லை. மாறுபாட்டை லேசாகக் கூட்டினேன், கூர்மையைத் தொடவே இல்லை. ‘ஆறு படம் இணைத்தது, வெண்சமன் சரிசெய்தது, கூர்மையாக்கவில்லை’ என்று கீழே எழுதி, நாசா, அதன் ஆய்வகமான ஜேபிஎல்-கால்டெக், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், கேமரா செய்த மாலின் நிறுவனம் எல்லோர் பெயரையும் போட்டுப் பகிர்ந்தேன். காசு கேட்பதில்லை, பெயர் போடுவதற்கு என்ன குறை.

8 பிப்ரவரி, வியாழன்

சித்தி மகன் போன் செய்தான். “அண்ணே, உங்க படத்தை ஒரு ஆப்ல விட்டேன், சும்மா கண்ணாடி மாதிரி வந்துருக்கு பாருங்க.” அனுப்பினான். பார்த்தேன். உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான். கால் நாலும் கம்பி கம்பியாக. மேலே பளபளவென்று இறக்கைகள், இருபுறமும் சமமாக, நுனி ஒடியாமல்.

“நுனி உடைஞ்சிருக்குன்னு நிழல் படத்துல பாத்தோமேடா.”

“ஆமாண்ணே. ஆனா இதுல நல்லாத்தானே இருக்கு?”

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் செயலி ஆயிரக்கணக்கான ஹெலிகாப்டர் படங்களைத் தின்றிருக்கும். ஹெலிகாப்டர் என்றால் இறக்கை முழுசாக இருக்கும் என்பது அதன் அறிவு. நாற்பது புள்ளியில் இல்லாததை அதுவாக வரைந்து கொடுத்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் மூக்குத்தி மினுங்க வைப்பதற்கு இது ஆகட்டும். விபத்து நடந்த இடத்தின் ஒரே படத்தில், விபத்தையே அழித்துக் கொடுக்கும் கருவியை என்ன செய்வது? அவனோ அதற்குள் மூன்று குழுக்களில் போட்டுவிட்டிருந்தான். என் படத்தைவிட அதற்குத்தான் கூட்டம்.

27 பிப்ரவரி, செவ்வாய்

24ஆம் தேதி ரோவரிலுள்ள சூப்பர்கேம் கருவியின் தொலைநோக்கிக் கேமரா அதே இடத்தை எடுத்திருக்கிறது. இதன் படங்கள் வட்டமாக வரும், நாலு மூலையும் இருட்டாக இருக்கும். ஒன்றோடொன்று அடுக்கி, வட்ட ஓரங்களை வெட்டி, வெளிச்ச வித்தியாசத்தைச் சமன்செய்து தைக்க வேண்டும். மாஸ்ட்கேம்போல் சொன்னபடி கேட்காது.

நான் பாதியில் இருக்கும்போதே ஜெர்மனியில் வடிவமைப்பு படிக்கும் ஒரு மாணவர் முடித்துப் போட்டுவிட்டார். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு இறக்கை, நுனி மட்டுமில்லை, அடியோடு இல்லை. அதோடு, ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி மணலில் அந்த இறக்கையே கிடக்கிறது! நாசா ஊழியர் இல்லை, மாணவர். செய்தி நிறுவனங்கள் அவர் தைத்த படத்தைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன. 2021இல் ரோவர் இறங்கிய பாராசூட்டின் வண்ணப் பட்டைகளில் ஒளித்திருந்த வாசகத்தைச் சில மணி நேரத்தில் உடைத்ததும் இப்படி வெளியாட்கள்தான்.

என்னுடையதையும் முடித்தேன். அதே ரா, அதே இறக்கை, அதே இடம். இரண்டு பேர் தனித்தனியாகத் தைத்தும் ஒன்றே வருகிறது என்றால் அது படத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சித்தி மகனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப அந்த ஆப் பொய் சொல்லிருச்சா?” என்றான். பழையதை மூன்று குழுவிலும் அழித்துவிட்டு இதைப் போட்டிருக்கிறான். பரவாயில்லை.

23 மார்ச், சனி

தேர்தல் வேலை தலைக்குமேல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் பத்து வயது குறைக்கச் சொல்கிறார்கள், குறைக்கிறோம்.

நடுவில் அண்ணாச்சி அழைத்தார். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்துக்கு டிசைன் சேர்க்கிறார். நான் செய்யும் செவ்வாய்ப் படங்களில் ஒன்று வேண்டுமாம். பயன்படுத்தத் தடையில்லை, நாசா முத்திரையை மட்டும் போடக்கூடாது என்றேன். தைத்து வைத்திருந்த, ரோவர் இறங்கிய ஜெசிரோ பள்ளத்தின் காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வானம் கொஞ்சம் நீலமா இருந்தா எடுப்பா இருக்கும்ல?”

“நீலமே இருக்கு அண்ணாச்சி, வேற படத்துல.” 2015 ஏப்ரல் 15 அன்று செவ்வாயின் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி என்ற இன்னொரு ரோவர் எடுத்த சூரிய அஸ்தமனத்தைக் காட்டினேன். பகலில் பழுப்பாக இருக்கும் அதே வானம், மாலையில் சூரியனைச் சுற்றி மட்டும் நீலமாகும். அந்தத் தூசியின் அளவு அப்படி. நீல ஒளியைச் சூரியன் இருக்கும் திசையை ஒட்டியே முன்பக்கமாகச் சிதறவிடும். நம்மூருக்கு நேர்மாறு.

“இது நீ போட்ட நீலம் இல்லையே?”

“இல்ல அண்ணாச்சி.”

ஆல்பத்தில் எடுத்துக்கொண்டார். பிள்ளையார் படத்துக்கு அடுத்த பக்கம்.

19 ஏப்ரல், வெள்ளி

ஓட்டுப் போட்டாயிற்று. இன்றோடு இன்ஜெனியூட்டி முதல் தடவை பறந்து சரியாக மூன்று வருஷம்.

16ஆம் தேதி குழுவினர் ஜேபிஎல்லில் கூடி, அது கடைசியாக அனுப்பிய தகவலைப் பார்த்திருக்கிறார்கள். ரோவர் விலகிப் போகிறது. இனி எட்டாத தூரம். புதிதாக ஏற்றிய மென்பொருளின்படி ஹெலிகாப்டர் தினமும் விழித்துக்கொள்ளும், சோலார் தகடும் பேட்டரியும் சரிதானா என்று பார்க்கும், வெப்பநிலையைக் குறிக்கும், தரையை ஒரு படம் எடுக்கும், தன்னிடமே வைத்துக்கொள்ளும். இருபது வருஷத்துக்கு இடமிருக்கிறதாம். அந்த ரா படங்களை இறக்க யாராவது அங்கேயே போய்த்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சித்தி மகன், “பேயர் பிரிக்கிறது எப்படின்னு காட்டுங்கண்ணே” என்று லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிட்டான். பிரஸ் லீவு. நெரெட்வா பள்ளத்தாக்குப் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். பச்சையாக வந்திருக்கிறது, இறக்கிக்கொண்டிருக்கிறான்.