பாதி கழியும் கேள்வி

அக்டோபர் 9, திங்கள்

பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி லேபில் ஒன்றரை மணி நேரம் ஒரே எரர். எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன், தப்பே இல்லை. கடைசியில் மேடம் வந்து பார்த்தார். ஒரு வரிக்கு முன்னால் டேப் அடித்திருக்கிறேன், அடுத்த வரிக்கு முன்னால் நான்கு ஸ்பேஸ். கண்ணுக்கு இரண்டும் ஒரே இடைவெளிதான், பைத்தானுக்கு வேறு வேறு. “எரர்ல கடைசி வரியை முதல்ல படிப்பா” என்றார். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அந்த ஒரு வரியைப் படிக்கவே எனக்கு நேரம் பிடிக்கிறது.

அக்டோபர் 10

அம்மா போன். அப்பாவுக்குக் காய்ச்சல் காலையில் 99, சாயங்காலம் 102.

அக்டோபர் 12, வியாழன்

முதல் யூனிட்டில் நாலு கணக்கு. பட்டியலில் சின்ன எண்ணைத் தேடுவது, அடுக்கின சீட்டுக்குள் புதுச் சீட்டைச் செருகுவது, ஒருவர் மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிப்பது, வட்டுகளை ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற ஹனோய் கோபுரம். மூன்றாவதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. 1 முதல் 100 வரை எதை நினைத்தாலும் ஏழு கேள்வி போதும் என்றார் மேடம். நம்பவில்லை.

ராத்திரி ரூமில் நண்பனை நினைக்கச் சொன்னேன். 50? மேலே. 75? கீழே. 62, மேலே. 68, மேலே. 71, மேலே. 73, மேலே. அப்போ 74! ஏழாவது கேள்வி. மீதி எத்தனை எண் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வந்தேன்: 100, 50, 24, 12, 6, 3, 1. பத்து லட்சம் எண் இருந்தாலும் இருபது கேள்வியில் முடிந்துவிடுமாம். இரண்டை இருபது தடவை பெருக்கிப் பார்த்தேன், 10,48,576. சரிதான். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

பதினேழு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைபாய்டு இல்லை. ஒவ்வொன்றாக எழுதித் தருகிறார்கள், அம்மா ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு ஓடுகிறாள். இது வரிசையாகத் தேடுகிற முறை. முதலில் இருந்தாலும் இருக்கும், கடைசியில் இருந்தாலும் இருக்கும். எந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி கழியும்?

மேடம் சொன்ன இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. அடுக்கி வைத்த பட்டியலில்தான் பாதியைத் தூக்கிப் போட முடியும். கலைந்து கிடந்தால் நடுவில் இருப்பதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நோய்களை எதை வைத்து அடுக்குவது? டாக்டர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் வருகிறது.

அக்டோபர் 17

லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

அக்டோபர் 20, வெள்ளி

லேபில் ஆயுத பூஜை. மானிட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரி கொடுத்தார்கள். எனக்கு ஒதுக்கின கம்ப்யூட்டருக்கு நானே பொட்டு வைத்தேன், அப்பாவை நினைத்துக்கொண்டு. சாயங்காலம் கோயம்புத்தூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ். உட்கார இடமில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு, திண்டுக்கல்

அப்பாவின் மணிக்கட்டு இவ்வளவு மெலிந்து நான் பார்த்ததில்லை. “லேப்ல என்ன சாமி சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டார். எண் விளையாட்டை விளையாடினோம். ஐந்தாவது கேள்வியில் தூங்கிவிட்டார்.

வார்டு வாசலில் நர்ஸ் அக்கா சீட்டுகளை நம்பர்படி வைத்துக்கொண்டிருந்தார். 31 வந்தது. கையிலிருந்த கட்டின் கடைசியிலிருந்து பார்த்தார். 40 பெரிது, பின்னால் தள்ளினார். 36, தள்ளினார். 28 வந்ததும் நின்றார், அதற்குப் பின்னால் செருகினார். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நோட்டில் நான் மூன்று தடவை தப்பாக எழுதின அதே கணக்கு.

அக்டோபர் 25, புதன்

திரும்பி வந்தாச்சு. எண் கண்டுபிடிக்கிற புரோகிராம் நானே எழுதினேன். 74 சரியாக வந்தது, 12 சரி, 1 சரி. 100 என்று நினைத்தேன். 50, 75, 87, 93, 96, 98, 99, 99, 99, 99. ஸ்கிரீன் முழுக்க 99, நிற்கவே இல்லை. கண்ட்ரோல் சி அடித்து நிறுத்தினேன்.

தாளில் ஓட்டிப் பார்த்தேன். கீழ் எல்லை 99, மேல் எல்லை 100. கூட்டினால் 199, பாதி 99, அரை போய்விடும். ‘மேலே’ என்று பதில் வந்தும் கீழ் எல்லையை மறுபடி அதே 99-இல் வைக்கிறேன். இல்லை என்று தெரிந்துபோன எண்ணையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறேன். நடு எண்ணோடு ஒன்றைக் கூட்டி வைத்தேன். நின்றது. 100.

அம்மா: இன்றைக்கு 99தான், குறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். குறையட்டும்.

அக்டோபர் 26

பிளட் கல்ச்சர் கொடுத்திருக்கிறார்கள், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட். ஐந்து நாள் ஆகுமாம். நாளைக் காலையில் இன்டர்னல் தேர்வு.

அக்டோபர் 27, வெள்ளி

இரண்டாவது கேள்வியே எண் கண்டுபிடிப்பதுதான். அல்காரிதம், ஃப்ளோசார்ட் இரண்டும் எழுதினேன். கூட்டல் ஒன்றை மறக்கவில்லை. வெளியே வந்து போனை ஆன் செய்தால் அம்மாவிடமிருந்து நாலு மிஸ்டு கால். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. சித்தப்பாவும் எடுக்கவில்லை. உக்கடம் போகிறேன்